மாவுப் பைகளும் கரிக்கோடுகளும்

என் வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வாயைப் பிளக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் சட்டை ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம், விளையாட்டுச் சாமான் ஒரு பக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். கடை கடையாக ஏறி இறங்கி பிளாஸ்டிக் பெட்டி வாங்கி அடுக்கும் என் மருமகளுக்கு என்னைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். செலவே இல்லாமல் இதை எப்படிச் செய்வது என்று எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்போது அதில் யார் மாட்டிக்கொண்டது என்பதை மட்டும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். கியா பார்ம் முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு அறை, ஒரு அடுப்படி, பலகைச் சுவர், தகரக் கூரை. அப்பா தொழிற்சாலையில். அம்மா கொழுந்தெடுக்கப் போவாள். பிள்ளைகள் நான்கு பேர். நான் மூத்தவள். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். கடைசியாக ஒரு தங்கை, அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் வயது வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

நான்கு பிள்ளைகளின் சாமான்களும் அந்த ஒரே அறையில்தான் கிடந்தன. ஒரு காலின் சப்பாத்து கட்டிலுக்கு அடியில் இருந்தால் மற்றக் காலினது அடுப்படியில் இருக்கும். காலையில் காற்சட்டையைக் காணோம் என்று ஒருவன் கத்துவான், பென்சிலைக் காணோம் என்று இன்னொருவன். மலைக் குளிரில் எதுவும் சீக்கிரம் காயாது. கீழே கிடந்த துணியில் பூசணம் பிடிக்கும். ஒருநாள் மழையில் நனைந்து வேலையிலிருந்து வந்த அம்மா, பெரிய தம்பி போட்டுவிட்டுப் போன பம்பரத்தை மிதித்துவிட்டாள். ஆணி உள்ளங்காலில் இறங்கிவிட்டது. பம்பரத்துக்குச் சொந்தக்காரன் பின்பக்கமாக ஓடிவிட்டான். அடி எனக்கு விழுந்தது, கொழுந்துக் கூடையின் கயிற்றால்.

"பெரியவ நீ வீட்ல எதுக்குடி குந்திக்கிட்டு இருக்க? கண்ணு அவிஞ்சு போச்சா? இன்னொரு தடவ வீடு இப்படிக் கெடந்துச்சு, தோலை உரிச்சிருவேன்."

சொன்னால் செய்கிறவள் அம்மா. முதுகு எரிய எரிய அன்று மாலையே யோசிக்க உட்கார்ந்தேன்.

டவுனில் ரொட்டி போடும் முஸ்லிம் கடையில் காலி மாவுச் சாக்கு கிடைக்கும். நல்ல பருத்தித் துணி. கடைக்காரரிடம் கேட்டதும் நாலைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். சாம்பல் தண்ணீரில் அவித்து, அலசி, வாயில் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்தேன். ஆளுக்கு ஒரு பை. சுவரில் நான்கு ஆணி அடித்து, யாருடையது என்று தெரிவதற்காகக் கழுத்தில் வேறு வேறு நிறத்தில் நூல் கட்டினேன். உடுப்பு, ரிப்பன், கோலி என்று ஒரு பிள்ளைக்குச் சொந்தமானது எதுவானாலும் அந்தப் பைக்குள் இருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றை அப்பா தோளில் தூக்கி வந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும் பலகைப் பெட்டி. அதில் புத்தகங்களைப் போட்டு மூடினால் ஈரம் ஏறாது. கிழிந்து தொங்கிய ஈயத்தாளை வெட்டிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன். அம்மாவின் ஓட்டைக் கூடையை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதும் சப்பாத்துகள் காய இடம் கிடைத்தது. பால் டின்னின் விளிம்பைக் கல்லால் தட்டி மழுக்கினால் பென்சில் டப்பா. பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி, மறுநாள் பள்ளிக்கூடத்துச் சட்டையையும் காற்சட்டையையும் சேர்த்துச் சுருட்டி ஒரு வளையத்தை மாட்டிவிடுவேன். காலையில் தேட வேண்டியதில்லை. இதெல்லாம் இன்றைக்கும் நல்ல யோசனைகள்தான். யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

பை தைத்துவிட்டால் போதுமா? பிள்ளைகள் அதில் போட வேண்டுமே. தேயிலைக் காட்டில் மேற்பார்வை பார்க்கும் கங்காணி எப்படி வேலை வாங்குகிறார் என்று பார்த்திருக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கூடையில் முற்றின இலை இருந்தால் இழுத்து வெளியே போடுவார். யாரையும் அடிக்கமாட்டார், ஆனால் எல்லோரும் நடுங்குவார்கள். அவரைப் போலவே நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது வீட்டைச் சுற்றி வருவேன். பைக்கு வெளியே ஒரு பொருள் கிடந்தால், அதன் சொந்தக்காரரின் ஆணிக்குக் கீழே பலகையில் கரித்துண்டால் ஒரு கோடு. சனிக்கிழமை எண்ணிப் பார்க்கும்போது யாருக்கு அதிகக் கோடோ அவர் ஞாயிறு காலையில் எல்லாருடைய சப்பாத்தையும் கழுவ வேண்டும்.

கேமரன் மலையில் காலைத் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத்தான் அது என்ன தண்டனை என்று தெரியும். விரல் மரத்துப் போகும், பிறகு வலிக்க ஆரம்பிக்கும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் வாரம் பெரிய தம்பிக்கு ஒன்பது கோடு. கழுவு என்றேன். அவன் என் சடையைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான்.

"இன்னொரு தடவ என் பக்கம் கோடு போட்டுப் பாருலா. மூஞ்சியப் பேத்துருவேன்."

சின்னவன் அடிக்கமாட்டான். ஆனால் ஒரு கோடு போட்டால் போதும், அம்மா வரும்வரை வாசலில் புரண்டு அழுவான். அம்மா என்னைத்தான் திட்டுவாள். தங்கை மட்டும் அப்படியில்லை. அவளுக்கு இரண்டு கோடுதான் இருந்தது. ஆனாலும், "வாடி, சப்பாத்துக் கழுவணும்" என்றதும் வந்தாள். குழாயடியில் குந்தி மூன்று ஜோடி கேன்வஸ் சப்பாத்தையும் தேய்த்தாள். கை நீலமாகிப் போன பிறகு என்னிடம் நீட்டி, "பாருக்கா, நாவப்பழம்" என்று சிரித்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து எனக்கு வேலை சுலபமாயிற்று. பெரியவனின் மட்டை வெளியே கிடந்தால் தங்கையின் ஆணிக்குக் கீழே ஒரு கோடு. சின்னவனின் கோலிக்கும் அவள் கணக்கில்தான். யாரும் என் சடையைப் பிடிக்கவில்லை, யாரும் வாசலில் புரளவில்லை. பொருள்களை எடுத்து வைக்கிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டினேன். சங்கு ஊதுவதற்குள் அவள் குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பொறுக்குவாள். அண்ணன்கள் அவள் பின்னாலேயே மறுபடி போட்டுக்கொண்டு வருவார்கள். அம்மா வேலை முடிந்து வந்து பார்க்கும்போது தரை கண்ணாடி. கோடுகளும் இருந்தன. "பெரியவ பரவால்ல, வீட்டக் கட்டி ஆளுறா" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் அம்மா சொன்னதைக் கேட்டேன். அம்மா என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

தங்கையை எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிடிக்கும். அடி வாங்காமல் இருப்பது அதைவிடப் பிடித்திருந்தது.

அவளுக்கு எண்ணத் தெரியும். நான் செய்வது அவளுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவள் சண்டை போடவில்லை. கரித்துண்டை எடுத்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தலை போட்டாள். முதுகில் ஒரு கூடை வைத்தாள். வரிசையாகக் கோடு கோடாக நின்றவை கொழுந்தெடுக்கும் பெண்களாகிவிட்டன.

"இது அம்மா. இது அடுத்த வீட்டுப் பெரியம்மா. கூடை இல்லாம நிக்கிறது நீயிக்கா."

சுவரைக் கிறுக்கியதற்கு இன்னொரு கோடு போட்டேன். அதற்கும் தலை வைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று மட்டும் ஆறு கோடு போட்டேன், எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.

வருடக் கடைசியில் அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. அப்பாவின் அக்கா, ஈப்போவில் இருந்தாள். வீட்டிலேயே இடியப்பமும் புட்டும் செய்து கடைகளுக்குப் போடுகிறவள். பிள்ளை இல்லை. தம்பி வீட்டில் நான்கு இருக்கிறதே, ஒரு பெண்பிள்ளையைக் கொடுத்தால் தன் பிள்ளையாக வளர்ப்பதாக எழுதியிருந்தாள். தோட்டத்தில் இது புதிதில்லை. எங்கள் லயத்திலேயே இரண்டு வீட்டில் அப்படிக் கொடுத்திருந்தார்கள். அப்பா கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "அக்கா கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா அடுப்பூதிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"உன்னய அனுப்ப முடியாது. நீ போனா வீடு நாறிப் போயிரும். சின்னவள அனுப்பலாமா? பச்சப்புள்ளயா இருக்காளே. நீ என்ன சொல்ற? நீதான பாத்துக்கிற."

அம்மா என்னிடம் யோசனை கேட்கிறாள். பெரிய மனுஷியாகிவிட்டதைப் போல இருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கோடு எண்ணத் தெரியும். அவள் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தாள். தம்பிகளின் ஆணிக்குக் கீழே முதல் வாரத்துக் கோடுகள் மட்டும். தங்கையின் ஆணிக்குக் கீழே பலகை கறுத்துக் கிடந்தது.

"இம்புட்டும் அவளோடதா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை மாதம் ஏமாற்றியதற்கு முதுகுத்தோல் போகும். பெரியவன் வேறு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். அப்போது நான் நினைத்தது இவ்வளவுதான். தங்கை போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

"ஆமாம்மா. ரொம்பத் தொல்ல பண்றா. சொன்னா கேக்கவே மாட்டேங்குறா. குடுத்துரும்மா."

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். "அங்க போயாச்சும் திருந்தட்டும்" என்றாள்.

அத்தை ஒரு சனிக்கிழமை வந்தாள். பஸ்ஸில் மலை ஏறியதில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தாள். ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தொங்கும் பைகள், பெட்டி, அடுப்புக்கு மேலே கூடை. எல்லாவற்றையும் நான்தான் விளக்கினேன். கோடுகளைப் பற்றியும் சொன்னேன். அத்தைக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

"நல்ல வழியா இருக்கே. எத்தன கோட்டுக்கு என்ன தண்டன?"

ஆர்வமாகச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். மற்ற வீடுகளில் ஒரு பிள்ளையை அனுப்புவதென்றால் அரை நாள் ஆகும். உடுப்பைத் தேடி, செருப்பைத் தேடி, தேடும்போதே அழுகை வந்து, சில சமயம் அம்மாக்காரி மனம் மாறி, போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் நேரமே இல்லை. அவளுடையது அத்தனையும் ஒரே பையில் இருந்தது. ஆணியிலிருந்து கழற்றிக் கயிற்றை இறுக்கி அத்தையிடம் கொடுத்தேன். எண்ணியிருந்தால் இருபது வினாடி இருக்கும். "அடேயப்பா, சுளுவா முடிஞ்சிருச்சே" என்றாள் அத்தை. அழலாமா வேண்டாமா என்று அம்மா யோசிப்பதற்குள் அவர்கள் வாசலில் இறங்கிவிட்டார்கள்.

முச்சந்திவரை நானும் போனேன். பஸ்ஸில் போகப் போவதில் தங்கைக்கு ஒரே சந்தோஷம். காய்கறி லோரிகள் கடந்து போகும்போதெல்லாம் கையை ஆட்டினாள்.

"அக்கா, நான் எப்ப வருவேன்?"

"நல்ல புள்ளயா இருந்தா சீக்கிரம் வரலாம்."

"கோடே வாங்காம இருந்தாவா?"

"ஆமா" என்றேன். பஸ் வந்துவிட்டது.

திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எட்டே நாளில் மாட்டிக்கொண்டேன். பொறுக்கி வைக்க ஆளில்லை. பழி போடவும் ஆளில்லை. அம்மா வந்தபோது மட்டை, கோலி, ஈரக் காலுறை, ஒரு சப்பாத்து என்று வழிநெடுகக் கிடந்தன. அடுத்த நாளும் அப்படியே. எட்டாம் நாள் அம்மா கூடையை இறக்காமல் வாசலிலேயே நின்றாள். தரையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அவ போயி ஒரு வாரமாச்சே. இதெல்லாம் யாரு போட்டது?"

நான் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"உன்னயத்தான் கேக்குறேன். அந்தக் கோடெல்லாம் யாரோடதுடி?"

"தம்பிங்களோடது."

கயிற்றை எடுப்பாள் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் எடுக்கவில்லை. கூடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தங்கையைப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"குடுத்த புள்ளயத் திருப்பிக் கேட்டா உங்க அப்பாவுக்கு என்ன மரியாத? அங்க பள்ளிக்கூடத்துல பேரும் குடுத்தாச்சு." கூடையை இறக்கிக்கொண்டே, "நீ எதையும் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள்.

அன்று விளக்கு வைப்பதற்கு முன்னால் ஈரச் சாக்கால் சுவரைத் துடைத்தாள். கரி போகவில்லை, பலகையில் பரவிக்கொண்டது. தலைகளும் கூடைகளும் மட்டும் அழிந்தன. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அம்மா எடுக்கவே இல்லை. என்னையும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வருடம் கழித்துத் தீபாவளிக்கு அத்தை அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னால் கடிதம் வரும், நன்றாக இருக்கிறாள் என்று இருக்கும், அவ்வளவுதான். நான் அப்போது அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தங்கை உயர்ந்திருந்தாள், மெலிந்திருந்தாள். தேங்காய் துருவித் துருவி வலது கை விரல்களில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. வந்தவள் சுவரோரம் உட்கார்ந்தாள். கொண்டுபோன அதே மாவுப் பையைக் கீழே வைக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். சாப்பிட்டதும் தன் தட்டோடு எங்கள் தட்டுகளையும் எடுத்துக் கழுவினாள். தம்பிகள் கழற்றி எறிந்த சட்டைகளைப் பொறுக்கி மடித்து வைத்தாள். யாரும் அவளிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

"பாத்தியா, அண்ணி எம்புட்டு ஒழுங்கா வளத்திருக்கு" என்று அம்மா முற்றத்தில் அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவின் குரலில் பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே நானும் அவளும் மட்டும். என்னென்னவோ பேச நினைத்திருந்தேன். கோடுகளைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கக்கூட நினைத்திருந்தேன். அதற்கு முன்னால் அவள் என்னைத் திட்ட வேண்டும், சடையைப் பிடிக்க வேண்டும், எதையாவது தூக்கி எறிய வேண்டும் என்று இருந்தது. அவள் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, அவள் மடியிலிருந்து பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். சுருட்டிய இரண்டு பாவாடை, ஒரு துண்டு, சீப்பு, முகப்பவுடர் டப்பா எல்லாம் உருண்டு ஓடின. கத்துடி, ஒரு தடவையாவது கத்து என்று மனசுக்குள் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. நான் மூச்சு விடுவதற்குள் முட்டிபோட்டு எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டுக் கயிற்றை இறுக்கிவிட்டாள். எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்க அத்த" என்றாள் என்னிடம். "இனிமே கீழ கெடக்காது."

நான் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள், உள்ளங்கை மேலே இருக்கும்படி.